ரவுண்ட்கியூபுக்கு ஆஃப்லைன் டெஸ்க்டாப் செயலி: எலக்ட்ரான் உறை போதுமா, ஐமேப் ஒத்திசைவே எழுதணுமா?

கீழ்வரி:
சர்வரில் டவ்காட் (மெயிலைச் சேமிச்சு, ஐமேப் என்ற படிக்கும் நெறிமுறை வழியா கொடுக்கிற மென்பொருள்), பிரவுசரில் மெயில் பார்க்க ரவுண்ட்கியூப். 40 பயனர்கள், எல்லாம் 8 ஜிபி ரேம் விண்டோஸ் லேப்டாப். களப்பணிக்குப் போறவங்களுக்கு ஒரு நாள், ரெண்டு நாள் நெட்டே கிடைக்காது. தேவை மூணுதான். கடைசி 90 நாள் மெயிலை நெட் இல்லாம படிக்கணும், தேடணும். எழுதின பதில் வரிசையில் நின்னு, நெட் வந்ததும் போகணும். நீக்கினது, ஃபோல்டர் மாத்தினது எல்லாம் சர்வரோட ஒத்துப்போகணும். ரவுண்ட்கியூபையே எலக்ட்ரானுக்குள்ள (வலைப்பக்கத்தை டெஸ்க்டாப் செயலியாக்கும் உறை) வெச்சு, சர்வீஸ் வொர்க்கர் (நெட் இல்லாதப்ப சேமிச்சதை எடுத்துத் தர்ற பின்னணி ஸ்கிரிப்ட்) போட்டா ஆகுமா? இல்ல, ஐமேப் கிளையன்ட் தனியா எழுதியே தீரணுமா?

சாளரம்2:
உறையே போதும். ரவுண்ட்கியூபுக்கு ஒரு பிளகின் எழுதுங்க, அது சர்வீஸ் வொர்க்கர் கோப்பைப் பரிமாறட்டும். கோப்பு பிளகின் ஃபோல்டருக்குள்ள இருந்தா அதோட வீச்சு அந்த ஃபோல்டரோட நின்னுடும். அதனால 'சர்வீஸ்-வொர்க்கர்-அலவ்டு' எச்டிடிபி தலைப்பில் மூலப்பாதையைக் கொடுக்கணும். ஜாவாஸ்கிரிப்ட், ஸ்டைல், ஐகான் எல்லாம் கேஷில், மெயில் உடல் இன்டெக்ஸ்டுடிபியில் (பிரவுசருக்குள்ளேயே இருக்கிற டேட்டாபேஸ்). முகவரிப் புத்தகம், கையொப்பம், சீவ் வடிகட்டி (சர்வரிலேயே மெயிலைப் பிரிக்கிற விதிகள்), இரட்டைச் சரிபார்ப்பு எதையும் மறுபடி எழுத வேண்டியதில்ல. ஆட்கள் ஏற்கெனவே பழகின திரை. ரெண்டு வாரத்துல கையில கொடுக்கலாம்.

தபால்பெட்டி:
ரெண்டு வாரத்தில் கையில் கிடைப்பது நெட் இருக்கும்போது ஓடும் செயலி. காரணங்கள் ரவுண்ட்கியூபின் உள்ளேயே இருக்கின்றன.

பட்டியல் கேட்கும் ஒவ்வொரு கோரிக்கையிலும் '_அன்லாக்' என்று நேரமுத்திரை ஒட்டிய ஒரு அளபுரு போகும். அதே பக்கத்தை மறுமுறை திறந்தாலும் யுஆர்எல் வேறு, எனவே கேஷ் ஒருபோதும் பொருந்தாது. அதை வெட்டிவிட்டுச் சாவி அமைக்க வேண்டும். இது எளிது, ஒப்புக்கொள்கிறேன்.

அடுத்தது அவ்வளவு எளிதல்ல. 90 நாள் மெயிலை முன்கூட்டியே இழுக்க முன்னோட்ட யுஆர்எல்லைத் தட்டினால், இயல்பான அமைப்பில் சர்வர் அந்த மெயிலைப் 'படித்தது' என்று குறித்துவிடும். காலையில் செயலியைத் திறந்தவருக்குப் படிக்காத மெயில் ஒன்றுகூட மிஞ்சாது. ஐமேப்பில் இதற்கென்றே 'பாடி.பீக்' இருக்கிறது, எடுத்தாலும் குறி மாறாது.

மூன்றாவதாக, வரிசையில் நின்ற பதில். ரவுண்ட்கியூப் ஒவ்வொரு போஸ்ட்டிலும் (சர்வருக்குத் தரவு அனுப்பும் கோரிக்கை) அமர்வுக்குரிய '_டோக்கன்' என்ற அடையாளச் சாவியை எதிர்பார்க்கும். அமர்வின் இயல்பான ஆயுள் 10 நிமிடம். இரண்டு நாள் கழித்து அந்தப் போஸ்ட்டை அப்படியே திருப்பி அனுப்பினால் சர்வர் தள்ளிவிடும்.

சாளரம்2:
முன்னோட்டம் குறி மாத்துறது நல்ல பிடி, அதை நான் யோசிக்கல. ஆனா தீர்வு இருக்கு. முன்னோட்ட யுஆர்எல் பக்கமே போகாம, பிளகின்ல தனியா ஒரு ஆக்ஷன் எழுதி, சர்வர் பக்கமே பீக் பண்ணி, ஜேசனா (எளிய தரவு வடிவம்) கொடுக்கலாம். வரிசைக்கும் அதேதான்: நெட் வந்ததும் புதுசா உள்நுழைஞ்சு, புது டோக்கன் வாங்கி, பிறகு அனுப்பு. இன்னொன்னு: நீங்க சொல்ற வழியில மைம் (மெயிலின் உள்ளமைப்பு) பாகுபடுத்தி, எழுதுற பெட்டி, எச்டிஎம்எல் சுத்திகரிப்பு எல்லாம் நீங்களே செய்யணும். அந்த விலையையும் சேர்த்துச் சொல்லுங்க.

பழங்கணினி:
ரெண்டு பேரும் தண்டர்பேர்டு என்று ஒரு இலவச மெயில் செயலி இருப்பதை மறந்துட்டீங்க. ஒத்திசைவு அமைப்பில் 'கடைசி இத்தனை நாள்' என்று 90 போட்டால் முதல் தேவை அன்றைக்கே முடிஞ்சது. அனுப்பாதவை அவுட்பாக்ஸில் நிற்கும். செலவு பூஜ்யம்.

கீழ்வரி:
பார்த்தேன் சார். ரெண்டு இடத்துல இடிக்குது. ரவுண்ட்கியூப் முகவரிப் புத்தகம் அதோட சொந்த டேட்டாபேஸில் இருக்கு, தானா கார்ட்டேவ் (முகவரிகளை ஒத்திசைக்கும் நெறிமுறை) பேசாது. வடிகட்டிகளைத் திருத்த 4190 போர்ட்டில் மேனேஜ்சீவ் நெறிமுறையில் பேசணும், தண்டர்பேர்டில் அது உள்ளமைவா இல்ல. ரெண்டு இடத்துல ரெண்டு முகவரிப் பட்டியல் வெச்சா 40 பேரும் என் மேஜைக்குத்தான் வருவாங்க.

தபால்பெட்டி:
சாளரம்2, பிளகினில் தனி ஆக்ஷன், தனி ஜேசன், தனி வரிசை என்று போனால் நீங்கள் எழுதுவது உறை அல்ல. பிஎச்பி வழியாகச் சுற்றிவரும் ஐமேப் கிளையன்ட். நேரடியாகவே பேசலாமே.

விலையைக் கேட்டீர்கள். ஒருவருக்கு நாளுக்கு 60 மெயில், சராசரி 75 கேபி என்று வைத்தால் 90 நாளுக்கு 5,400 மெயில், சுமார் 405 எம்பி. பாடிஸ்ட்ரக்சரை (மெயிலின் பகுதிகளின் பட்டியல்) முதலில் வாங்கி, உரைப்பகுதியை மட்டும் இழுத்தால் மெயிலுக்கு 10 கேபி, மொத்தம் 54 எம்பி. இணைப்புக் கோப்புகளைக் கேட்டபோது இழுக்கலாம், அல்லது 1 எம்பிக்குக் கீழுள்ளதை மட்டும் முன்பே எடுத்துவைக்கலாம்.

தலைவலி அளவில் இல்லை, அடையாளத்தில் இருக்கிறது. ஆஃப்லைனில் ஒருவர் 412ஆம் யுஐடியை (ஃபோல்டருக்குள் ஒரு மெயிலின் எண்) நீக்குகிறார். இதற்கிடையில் சர்வரில் அஞ்சல்பெட்டியை மாற்றி அமைத்து, யுஐடிவேலிடிட்டி (பழைய யுஐடிகள் இன்னும் செல்லுமா என்று காட்டும் எண்) மாறிவிட்டது. இப்போது 412 வேறு ஒரு மெயில். வரிசையைக் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டினால் அதுதான் போகும். எனவே வரிசையின் ஒவ்வொரு வரியிலும் ஃபோல்டர், யுஐடிவேலிடிட்டி, யுஐடி, மெசேஜ்-ஐடி (மெயிலின் தலைப்பில் உள்ள நிலையான அடையாளம்) நான்கும் இருக்க வேண்டும். இரண்டாவது மாறியிருந்தால் மெசேஜ்-ஐடியால் தேடிப் பொருத்துங்கள். கிடைக்காவிட்டால் அந்த வரியைக் கைவிடுங்கள்.

குறிகளை மாற்ற '+ஃபிளாக்ஸ்', '-ஃபிளாக்ஸ்' மட்டும். வெறும் 'ஃபிளாக்ஸ்' அனுப்பினால், அதே நேரம் கைபேசியில் போட்ட நட்சத்திரம் அழியும். நீக்கத்துக்கு 'யுஐடி எக்ஸ்பஞ்ச்'. வெறும் எக்ஸ்பஞ்ச் அந்தப் பெட்டியில் நீக்கக் குறி உள்ள எல்லாவற்றையும் சேர்த்துத் துடைத்துவிடும்.

டவ்காட் க்யூரீசிங் என்ற விரைவு ஒத்திசைவு வசதியைத் தருகிறது (ஆர்எஃப்சி 7162 என்ற தரநிலை ஆவணம்). பெட்டியைத் திறக்கும்போதே கடைசியாகப் பார்த்த மாற்றத்தின் எண்ணான மாட்சீக்கைக் கொடுத்தால், மாறிய குறிகளும் காணாமல்போன யுஐடிகளும் ஒரே பதிலில் வந்துவிடும். நாளை யாராவது ஜிமெயிலையும் சேர்க்கச் சொன்னால், அங்கே கண்ட்ஸ்டோர் (மாறிய குறிகளை மட்டும் தருவது) உண்டு, க்யூரீசிங் இல்லை. நீக்கப்பட்டவற்றை அறிய முழு யுஐடி பட்டியலையும் வாங்கி ஒப்பிட வேண்டும்.

சாளரம்2:
சரி, புதுசா வர்ற மெயில்? ஃபோல்டருக்கு ஒரு ஐடில் இணைப்பு (புது மெயில் வந்ததும் சர்வரே சொல்றதுக்குத் திறந்தே இருப்பது) வெச்சா, ஒரே பயனர், ஒரே ஐபி 10 இணைப்புன்னு டவ்காட் இயல்பா போடுற வரம்பு இருக்கே. ரெண்டு சாதனம் திறந்தாலே கதவு மூடிடும். வெப்மெயில்ல இந்தத் தொல்லை இல்ல.

தபால்பெட்டி:
இன்பாக்ஸுக்கு மட்டும் ஐடில். மற்ற ஃபோல்டர்களை 5 நிமிடத்துக்கு ஒருமுறை 'ஸ்டேட்டஸ்' கேட்டால் போதும். மொத்தம் இரண்டு இணைப்பு. ஐடிலை 29 நிமிடத்துக்குள் முடித்து மறுபடி தொடங்குங்கள். லேப்டாப்பை மூடித் திறந்தால் பழைய சாக்கெட் உயிரோடு இருப்பதுபோல் நடிக்கும். 'ரெஸ்யூம்' நிகழ்வு வந்தவுடன் அதைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதிதாக இணையுங்கள். 'நேவிகேட்டர்.ஆன்லைன்' சொல்வதை நம்பாதீர்கள். வைஃபை இருந்து நெட் இல்லாவிட்டாலும் அது 'இருக்கிறது' என்றே சொல்லும்.

பழங்கணினி:
தண்டர்பேர்டு வேண்டாம்னா போகட்டும். ஆனா தேடல்னு கேட்டிருக்கீங்க, தமிழ் மெயில் இருந்தா இதைக் கவனிங்க. எஸ்க்யூலைட் டேட்டாபேஸின் முழு உரைத் தேடல் பகுதியான எஃப்டிஎஸ்5ல் இயல்பா வரும் 'யூனிகோட்61' பிரிப்பான் எழுத்தையும் எண்ணையும் மட்டுமே சொல்லின் பகுதியா எடுத்துக்கும். நம்ம கால், கொம்பு, சுழி, புள்ளி எல்லாம் யூனிகோடில் 'குறி' வகை, அதனால அங்கங்கே சொல் அறுந்துபோகும். 'காடு' என்பது 'க', 'ட' என ரெண்டு துண்டு. 'கூடு', 'கோடு', 'கேடு' எல்லாமே அதே ரெண்டு துண்டு. 'மீன்'னு தேடினால் 'மானும்' வரும். சோதனையில் ஏதோ கிடைக்கத்தான் செய்யும், அதனால யாரும் கண்டுபிடிக்க மாட்டாங்க.

அட்டவணை உருவாக்கும்போதே பிரிப்பானின் வகைப்பட்டியலில் அந்தக் குறி வகைகளான 'எம்என்', 'எம்சி' ரெண்டையும் சேர்த்துடுங்க. பின்னால மாத்தினா முழு அட்டவணையையும் மறுபடி கட்டணும். உள்ளே போடும் உரையையும் தேடும் சொல்லையும் என்எஃப்சிக்கு (பிரிஞ்ச குறிகளைச் சேர்த்து எழுதும் யூனிகோட் வடிவம்) மாத்திக்கங்க. சில மென்பொருள் 'ொ'வை ஒற்றைக்கொம்பு, கால் என ரெண்டாப் பிரிச்சு அனுப்பும். வேற்றுமை உருபுக்கு ஒரு சின்ன வித்தை: தேடும் சொல்லின் கடைசிப் புள்ளியை எடுத்துட்டு முன்னொட்டுத் தேடலாக்கினால் 'மின்னஞ்சல்', 'மின்னஞ்சலை', 'மின்னஞ்சலில்' மூணும் அகப்படும்.

சாளரம்2:
இது உறைக்கும் பொருந்தும், இன்டெக்ஸ்டுடிபியில முழு உரைத் தேடலே கிடையாது. அந்தப் பக்கம் நான் தோத்தேன். ஆனா முகவரிப் புத்தகத்துக்கும் வடிகட்டிக்கும் ரவுண்ட்கியூப் பக்கத்தைச் செயலிக்குள்ள ஒரு தாவலா திறந்துடுங்க, அதையாவது எழுதாதீங்க. முகவரிகளைப் படிக்கறதுக்கு மட்டும் பிளகின்ல ஒரு ஜேசன்.

தபால்பெட்டி:
அதில் எனக்கு மறுப்பில்லை. அந்தத் தாவலுக்குத் தனி பார்ட்டிஷன் (குக்கியும் சேமிப்பும் தனி), நோட் ஒருங்கிணைப்பு இல்லை (பக்கத்துக்குக் கணினிக் கோப்புகள் எட்டக்கூடாது). மெயில் உடலைக் காட்டும் ஐஃப்ரேமில் 'அலவ்-ஸ்கிரிப்ட்ஸ்' (ஸ்கிரிப்ட் ஓட அனுமதி) கூடாது. வெளிப்படங்கள் இயல்பில் தடை.

கீழ்வரி:
ஒரே மெயில் ரெண்டு தடவை போயிடுமோன்னு ஒரு பயம். நெட் விட்டு விட்டு வர்ற இடம்.

தபால்பெட்டி:
போகும். எஸ்எம்டிபியில் (மெயில் அனுப்பும் நெறிமுறை) உடலை அனுப்பி, கடைசிப் புள்ளியும் வைத்தபின் '250' என்ற ஏற்புப் பதில் வருவதற்குள் அறுந்தால், சர்வர் ஏற்றதா இல்லையா என்று கிளையன்ட்டுக்குத் தெரியாது. அந்தப் பதிலுக்கு 10 நிமிடம் காத்திருக்கச் சொல்கிறது ஆர்எஃப்சி 5321. பலர் 30 விநாடியில் கைவிட்டு மறுபடி அனுப்பி இரட்டிப்பாக்குகிறார்கள். மெசேஜ்-ஐடியை வரிசையில் சேர்க்கும்போதே உருவாக்குங்கள், ஒவ்வொரு முயற்சிக்கும் புதிதாக அல்ல. வரிசை நிலை நான்கு: நிற்கிறது, போகிறது, போனது, ஐயம். 'போகிறது' நிலையில் செயலி செத்தால், திறக்கும்போது அதை 'ஐயம்' ஆக்கிப் பயனரிடம் கேளுங்கள், தானாக அனுப்பாதீர்கள். சென்ட் ஃபோல்டரில் நகல் வைப்பது தனி வரி; அது தோற்றால் அதை மட்டும் திரும்ப ஓட்டுங்கள், அனுப்புதலை அல்ல.

கீழ்வரி:
சோதிக்க, உடல் போய்க்கிட்டிருக்கும்போது ஃபயர்வாலில் மெயில் அனுப்புற 587 போர்ட்டை அடைச்சுப் பார்க்கிறேன்.

தபால்பெட்டி:
'ரிஜெக்ட்' விதி போடாதீர்கள், 'டிராப்' போடுங்கள். ரிஜெக்ட் உடனே பிழை தந்துவிடும், டிராப் சத்தமில்லாமல் விழுங்கும். மலையோரத்தில் நெட் அப்படிச் சொல்லிக்கொண்டு போவதில்லை. மெயிலோடு வைக்கும் இணைப்புக் கோப்பு 5 எம்பிக்கு மேல் இருக்கட்டும், அடைக்க நேரம் கிடைக்கும்.