கூடாரத்துக்குள் விறகடுப்பு: டைட்டானியமா, எவர்சில்வரா?

பனிக்கால மலையேற்றத்துக்கு இரண்டு பேர் படுக்கும் கூடாரம் வாங்கிவிட்டேன். புகைக்குழாய் வெளியேற, வெப்பம் தாங்கும் துளையும் அதில் உண்டு. அடுப்பில்தான் குழப்பம். டைட்டானியம் சுமக்க லேசு, குழாயையும் தகடாகச் சுருட்டி வைக்கலாம். ஆனால் சூடேறியதும் தகடு நெளிகிறது, அப்புறம் சுருட்டுவதே மல்லுக்கட்டு என்கிறார்கள். உண்மையா? எவர்சில்வர் கனம், விலை மட்டும் குறைவு.

நண்பரின் சின்ன அடுப்புக்கு அரை மணிக்கொரு தடவை விறகு போட வேண்டியிருந்தது. கண்ணயர்ந்தால் அணைந்துவிடும். காற்று வரும் வழியைக் குறைத்தால் நீண்ட நேரம் எரியும், சரி, ஆனால் கார்பன் மோனாக்சைடு சேருமே! எச்சரிக்கைக் கருவி வைத்திருக்கிறேன். இருந்தாலும் கூடாரத்தின் மேல் காற்றுவழியை எவ்வளவு திறந்து வைக்கிறீர்கள்? குழாய் உச்சியில் தீப்பொறி தடுக்கும் வலை போட்டும் கூரையில் ஓட்டை விழுந்தவர்கள் யாராவது உண்டா?