மாமனார் கேம்பல், பங்காளிகள் மெக்ரெகர்

கிளாஸ்கோ மருமகள்:

ஸ்காட்லாந்து, அயர்லாந்துக் குடும்பப் பெயர்களின் மூலத்தை டிஎன்ஏ சோதனையில் தேடிப் பார்த்தவர்கள் யாராவது உண்டா? முதலில் எங்கள் வீட்டுக் கூத்தைச் சொல்லிவிடுகிறேன்.

என் மாமனாருக்கு 76 வயது. கேம்பல் குலம் என்பதில் அவருக்கு அப்படியொரு பெருமை. கூடத்தில் கேம்பல் கட்டம் போட்ட கம்பளி, சுவரில் காட்டுப்பன்றித் தலைச் சின்னம், விசேஷம் என்றால் கில்ட், அதாவது அந்தக் குலக் கட்டத்திலேயே தைத்த ஆண்கள் பாவாடை. எங்கள் நிச்சயதார்த்தத்தன்று என் அப்பாவிடம் அரை மணி நேரம் கேம்பல் தலைவர்களான ஆர்கைல் பிரபுக்களின் கதையைச் சொன்னார். அப்பா பொறுமையாகத் தலையாட்டிவிட்டு, "அதெல்லாம் சரி சம்பந்தி, உங்க குலதெய்வம் எது?" என்று கேட்டார். மொழிபெயர்த்தது நான். "இன்வரரி கோட்டை" என்று அந்தப் பிரபுக்களின் இருப்பிடத்தைச் சொல்லிப் பதில் வந்தது.

ஒரு கிறிஸ்துமஸுக்கு என் கணவர் அவருக்கு ஒய்-டிஎன்ஏ சோதனைப் பெட்டி வாங்கிக் கொடுத்தார். கன்னத்தின் உட்புறம் பஞ்சுக் குச்சியால் தேய்த்து அனுப்பினால் போதும். ஒய் குரோமோசோம் அப்பாவிடமிருந்து மகனுக்கு மட்டும் போகிறது. குடும்பப் பெயரும் பெரும்பாலும் அதே வழிதான். நம் ஊர்க் கணக்கில் இது பங்காளிகளைக் காட்டும் சோதனை. மாமன், மச்சான், அத்தை பிள்ளைகள் யாரும் இதில் வர மாட்டார்கள்.

37 குறிப்பான்கள் பார்த்தார்கள், அதாவது ஒய்யில் ஒப்பிட்டுப் பார்க்கும் இடங்கள். எவ்வளவு அதிகம் பார்க்கிறார்களோ அவ்வளவு துல்லியம். நெருக்கமான பொருத்தமாக வந்தவர்களில் பெரும்பாலோர் மெக்ரெகர்கள். கேம்பல் ஒருவர்கூட இல்லை. "குச்சியை மாத்திட்டாங்க" என்றார். தன் செலவிலேயே 111 குறிப்பான்களுக்கு உயர்த்தினார். மறுபடியும் மெக்ரெகர்கள். கடைசியாக பிக் ஒய் என்ற பெரிய சோதனை. அதிலும் மெக்ரெகர் கிளைக்குள்தான் போய் உட்கார்ந்தார்.

இந்த ஊர்ச் சரித்திரம் தெரிந்தவர்களுக்கு இது ஏன் வலிக்கும் என்று புரியும். 1603 பிப்ரவரியில் லோமண்ட் ஏரிக்குப் பக்கத்தில் கிளென் ஃப்ரூயின் பள்ளத்தாக்கில் மெக்ரெகர்கள் கொல்குஹூன் என்ற இன்னொரு குலத்தாரைத் தாக்கிப் பலரைக் கொன்றார்கள். அதற்குத் தண்டனையாக அந்தப் பெயரையே யாரும் வைத்துக்கொள்ளக் கூடாது என்று அரசர் ஆறாம் ஜேம்ஸின் அரசு உத்தரவு போட்டது. அவர்களை வேட்டையாடும் பொறுப்பு ஆர்கைல் பிரபுவுக்கு, அதாவது கேம்பல்களின் தலைவருக்கு. தப்பிப் பிழைத்தவர்கள் கிராண்ட், மரே, டிரம்மண்ட் என்று கிடைத்த பெயரைப் போட்டுக்கொண்டார்கள். சிலர் கேம்பல் என்றே வைத்துக்கொண்டார்கள். நடுவில் 1661இல் தடை நீங்கி, 1693இல் திரும்ப வந்து, 1774இல்தான் ஒரேயடியாக ஒழிந்தது. அதற்குள் பல வீடுகளில் புதுப் பெயர் ஒட்டிப்போயிருந்தது.

ஆக, துரத்தியவன் பெயரைத் துரத்தப்பட்டவன் போட்டுக்கொண்டு நானூறு வருஷம் ஓடிவிட்டது. பெர்த்ஷயர் திருச்சபைப் பதிவேடுகளில் 1780கள் வரை பார்த்துவிட்டோம், எல்லாம் கேம்பல்தான். எந்தத் தலைமுறையில் மாறியது என்று காகிதம் சொல்லவில்லை.

மூன்று நாள் யாரிடமும் பேசவில்லை மனிதர். நான்காம் நாள், "கில்ட்டை மாத்தணும்னா 500 பவுண்டு ஆகும். இருக்கிறது கிழியட்டும்" என்றார்.

கார்க் வாசி:

உங்களுக்கு 1780 வரை காகிதமாவது கிடைத்ததே! நான் இருப்பது அயர்லாந்தின் கார்க் நகரம். வீட்டு உரிமையாளர் மர்ஃபி. அயர்லாந்தில் அதிகம் காணப்படும் குடும்பப் பெயரே அதுதான், கல்லை எறிந்தால் ஒரு மர்ஃபி மேல் விழும். பழைய ஐரிஷில் 'கடல் வீரன்' என்ற ஆள் பெயரிலிருந்து வந்தது. அந்தப் பெயரில் வெவ்வேறு ஊர்களில் வெவ்வேறு ஆட்கள் இருந்தார்கள். அவர்களின் பேரன்மார் தனித்தனியாக மர்ஃபி ஆனார்கள். வெக்ஸ்ஃபோர்ட் மர்ஃபிக்கும் கார்க் மர்ஃபிக்கும் பங்காளி உறவே இல்லை. நம் ஊரில் இரண்டு முருகேசன்களின் பேரன்களை அண்ணன் தம்பி என்பது போலத்தான் அது.

இவர் தன்னை வெக்ஸ்ஃபோர்ட் வம்சம் என்று நினைத்துக்கொண்டிருந்தார், லெய்ன்ஸ்டர் அரசர்களுக்குச் சொந்தம் என்று. வருஷங்களுக்கு முன்பு 12 குறிப்பான் சோதனை மட்டும் எடுத்திருந்தார். நூற்றுக்கணக்கில் பொருத்தம், அதில் பாதிப் பேர் மர்ஃபியே இல்லை. 12 என்பது வெறும் வேடிக்கை. அதில் பொருந்துபவன் ஆயிரக்கணக்கான வருஷம் முந்திய உறவாகவும் இருக்கலாம். 67க்குப் போனதும் பட்டியல் ஒன்பது பேராகச் சுருங்கியது. எல்லாரும் கார்க் மர்ஃபிகள். அரச வம்சம் போச்சு.

அந்த ஒன்பது பேரும் அமெரிக்கா, ஆஸ்திரேலியா. அங்கிருப்பவர்கள்தான் ஆவலாகச் சோதிக்கிறார்கள். "எங்க முன்னோர் எந்த ஊர்?" என்று இவருக்கு மின்னஞ்சல் மேல் மின்னஞ்சல். "எனக்கே தெரியாமத்தானே காசு கட்டினேன்" என்று என்னிடம் புலம்பினார்.

காகிதத்துக்கு வழியில்லை. 1922 ஜூன் 30 அன்று டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் நீதிமன்ற வளாகத்தில் இருந்த பொது ஆவணக் காப்பகம் உள்நாட்டுப் போரில் எரிந்தது. 1821 முதல் 1851 வரை எடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்புகள் ஏறக்குறைய முழுவதும் அங்கே சாம்பல். அதற்குப் பிந்தைய நான்கையும் அரசே முன்பே அழித்துவிட்டது. முழுதாக மிஞ்சியதில் பழையவை 1901, 1911 இரண்டும்தான். இந்த நாட்டில் டிஎன்ஏ மேல் ஆட்கள் இவ்வளவு நம்பிக்கை வைப்பதற்கு அந்தத் தீயும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

கேள்வி மட்டும் கேட்பவன்:

என் மனைவி ஓ'கானர் வீட்டுப் பெண். கூடப் பிறந்த ஆண் இல்லை, அப்பாவும் தவறிவிட்டார். அவள் ஒய் சோதனை எடுக்க முடியாதாமே? எங்கள் பையனைச் சோதித்தால் போதுமா?

கார்க் வாசி:

பையனிடம் இருப்பது உங்கள் ஒய். திருநெல்வேலிதான் வரும்! மனைவியின் அப்பாவோடு கூடப் பிறந்த பெரியப்பா, சித்தப்பா, இல்லாவிட்டால் அவர்கள் மகன்கள், யாரையாவது பிடியுங்கள்.

பெரம்பூர் பிள்ளை:

நாங்கள் ஆங்கிலோ இந்தியர். தாத்தாவும் அப்பாவும் பெரம்பூர் ரயில்வே பட்டறை. நான் மெல்போர்னில் இருக்கிறேன். குடும்பப் பெயர் டோஹர்ட்டி.

அயர்லாந்தின் டோனகால் மாவட்டம் இனிஷோவனிலிருந்து கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் ஐரோப்பியப் படைக்குச் சிப்பாயாக வந்தவர் எங்கள் மூதாதை என்பது வீட்டுக் கதை. கதை பொருந்தக்கூடியதுதான். கம்பெனிப் பட்டாளத்தில் ஐரிஷ்காரர்கள் ஏராளம். அந்தப் படைதான் 1881இல் ராயல் டப்ளின் ஃப்யூசிலியர்ஸின் முதல் பட்டாலியன் ஆனது.

டப்ளின் டிரினிட்டி கல்லூரி ஆராய்ச்சியாளர்கள் 2006இல் வெளியிட்ட கட்டுரையை நான் வாசித்திருந்தேன். வடமேற்கு அயர்லாந்து ஆண்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவரிடம் ஒரே வகை ஒய் இருக்கிறது. பழங்கதைகளில் வரும் நீயல் மன்னனின் வம்சமாக இருக்கலாம் என்றது கட்டுரை. எம்222 என்பார்கள் அந்த வகையை. அது நீயல் காலத்துக்கும் முந்தியது, ஸ்காட்லாந்தின் தாழ்நிலப் பகுதியிலும் நிறைய உண்டு என்று பிற்பாடு தெரிந்தது. அந்தப் பகுதியை மட்டும் நான் கண்டுகொள்ளவில்லை! டோஹர்ட்டி என்றால் எம்222தான் என்று எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தேன்.

நான் எடுத்த ஒய் சோதனையில் வந்தது எச் என்ற பிரிவு. தென்னிந்தியாவில் தாராளமாகக் காணப்படும் பிரிவு. பட்டியலில் ஓர் ஐரிஷ்காரன் இல்லை.

ஆனால் என் அக்கா ஏற்கெனவே வேறு சோதனை எடுத்திருந்தாள், அப்பா வழி அம்மா வழி இரண்டையும் கலந்து காட்டுவது. அதில் டோனகால் வேர் உள்ள தூரத்து உறவுகள் கொஞ்சம் பேர், 25 முதல் 40 சென்டிமார்கன் அளவில் (இருவருக்கும் பொதுவான டிஎன்ஏயை அளக்கும் அலகு அது; எண் கூடினால் உறவு நெருக்கம்). சிலருடைய குடும்ப மரத்தில் டோஹர்ட்டி. ஐரிஷ் இரத்தம் இருக்கிறது, ஆனால் அப்பாவுக்கு அப்பா என்று மேலே போகும் வழியில் இல்லை.

லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இந்தியா ஆபீஸ் ஆவணங்கள் இருக்கின்றன, மதராஸ் ஞானஸ்நானப் பதிவுகளும் அதில் உண்டு. 1860களில் ஒரு பதிவு. குழந்தையின் பெயர் எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த பெயர். தாய் டோஹர்ட்டி. தகப்பன் பெயர் எழுத வேண்டிய இடம் காலி.

அந்தப் பக்கத்தை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். சிப்பாயின் மகளாக இருப்பாள் என்று நினைக்கிறேன். பெயரை எங்களுக்குக் கொடுத்தது அவள். இத்தனை தலைமுறையாக வீட்டில் சிப்பாயைப் பற்றிப் பேசினோமே தவிர, அவளைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

போத்தனூரில் இருக்கும் அத்தைக்கு ஃபோன் செய்து சொன்னேன். "அதான் மேன், பெப்பர் வாட்டர் இல்லாம நமக்குச் சோறு இறங்காது" என்று சிரித்தாள். பிறகு மெதுவாக, "இதை உங்க அப்பாகிட்ட சொல்லாதே" என்றாள். இன்னும் சொல்லவில்லை.

ரொறன்ரோ அப்பப்பா:

எங்கட மருமகள் மக்டொனால்ட், கனடாவின்ர கேப் பிரெட்டன் தீவுப் பிள்ளை. அங்க திரும்பின பக்கமெல்லாம் மக்டொனால்டுகள். ஆளையாள் பிரிச்சுச் சொல்லப் பட்டப்பெயர் வைச்சிருக்கினம். எங்கட ஊரிலயும் அப்பிடித்தானே எண்டு சம்பந்தியோட சிரிச்சுக் கதைச்சனான்.

சம்பந்திக்கு, தான் சோமர்லெட்டின்ர வழி எண்டொரு எண்ணம். 1164இல் செத்த ஸ்கொட்லாந்துத் தீவுத் தலைவன் அவன். மக்டொனால்ட், மக்டூகல், மக்அலிஸ்டர் மூண்டு குலமும் அவனைத்தான் மூலவன் எண்டு சொல்லுவினம். பழைய வம்சாவளிகள் அவனை ஐரிஷ் அரச குலம் எண்டு எழுதி வைச்சிருக்கு. டிஎன்ஏயில பாத்தா தகப்பன் வழி நோர்வேப் பக்கத்து ஆர்1ஏ எண்ட ஒய் வகை. சம்பந்திக்கு அது வரேல்ல, சாதாரண ஆர்1பி. தலைவன்ர நிலத்தில இருந்தவையும் தலைவன்ர பெயரை எடுத்தவை, அதால மக்டொனால்டுகளில கனபேர் அவன்ர பிள்ளையள் இல்லை. அதை மனுசன் தாங்கிக்கொண்டார். வேலிச் சண்டையில கதை பேச்சில்லாமல் இருக்கிற பக்கத்து வீட்டு மக்டொனால்டுக்கு ஆர்1ஏ வந்திட்டுது. அதைத்தான் தாங்கேலாமல் போச்சு.

இன்னொண்டும் சொல்ல வேணும். மருமகள் எடுத்த மற்றச் சோதனையில 900 சென்டிமார்கனில ஒரு பெண் வந்தா. அவ சம்பந்தியின்ர தகப்பனுக்கு வேற இடத்தில பிறந்த பிள்ளை. சம்பந்தியின்ர தாய் அப்ப உயிரோட இருந்தவ. அந்தக் கிழமை அந்த வீடு இருந்த இருப்பை நான் இஞ்ச எழுதேல்ல. பெட்டியைத் திறக்க முதல் வீட்டில எல்லாரையும் ஒருக்காக் கேளுங்கோ.

பெரம்பூர் பிள்ளை:

ஐயா சொல்வது சரி. கிளாஸ்கோ அக்கா, மாமனார் இப்போது எப்படி இருக்கிறார்?

கிளாஸ்கோ மருமகள்:

போன மாதம் பால்கிடர் போனோம். மெக்ரெகர் குலத்தின் பேர்போன ஆள், 1734இல் இறந்த ராப் ராய் மெக்ரெகரின் கல்லறை அங்கே இருக்கிறது. அந்த ராப் ராயே தடைக்காலத்தில் கேம்பல் என்று கையெழுத்துப் போட்டவர், அவர் அம்மா கேம்பல் வீட்டுப் பெண். கல்லில் 'எவர் தடுத்தாலும் மெக்ரெகர்' என்ற பொருளில் பெரிதாகப் பொறித்திருக்கிறார்கள். மாமனார் அதைச் சத்தமாக ஒரு தடவை வாசித்தார். கழுத்தில் இருந்த கேம்பல் மஃப்ளரைக் கழற்றிக் கோட்டுப் பைக்குள் திணித்துக்கொண்டார்.

காருக்குத் திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. மஃப்ளரை எடுத்து மறுபடியும் கட்டிக்கொண்டார்.