‘ஏர் எடுத்தல்’: வெள்ளிக்குள் ஒரு சொல் வேண்டும்

தொகுப்பாளர், தருமபுரி:

குழுவினருக்கு வணக்கம். பழைய டீசல் பிக்கப் வைத்திருக்கும் விவசாயிகளுக்காக ஒரு சின்னக் கையேடு தயாராகிறது. வீட்டு வாசலிலேயே சரிசெய்யக்கூடிய கோளாறுகள் மட்டும். மாங்காய் லோடு தொடங்குவதற்குள் கையில் கொடுத்துவிட வேண்டும் என்பதால் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. கறுப்புப் புகை, வெள்ளைப் புகை, பெல்ட், ஸ்டார்ட் ஆவதற்குச் சூடேற்றும் ஹீட்டர் பிளக் எல்லாம் எழுதியாயிற்று. ஓர் இடத்தில்தான் மாட்டிக்கொண்டேன். பட்டறையில் ‘ஏர் பிடிச்சிருச்சு, ஏர் எடுக்கணும்’ என்கிறார்கள். அதையே எழுதினேன். ‘வண்டி ஏர் பிடித்தால் முதலில் ஃபில்டர் மேலுள்ள திருகைத் தளர்த்தவும்’ என்ற வரியைப் படித்த பெரியவர் ஒருவர், ‘வண்டி எதுக்குப்பா ஏர் பிடிக்குது, மாடு எங்க போச்சு?’ என்று கேட்டுவிட்டார். நல்ல சொல் இருந்தால் கொடுங்கள்.

பயிற்றுநர், தொழிற்பயிற்சி நிலையம், கிருஷ்ணகிரி:

சொல் தேடும் முன் செயலைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எங்கேயோ போய்விடுவோம். டீசலை அழுத்தினால் சுருங்காது என்றே வைத்துக்கொள்ளலாம். காற்று சுருங்கும். டீசல் போகும் லைனில் காற்று புகுந்துவிட்டால் பம்ப் அடிக்கிற அடியெல்லாம் காற்றைச் சுருக்குவதிலேயே போய்விடும். இன்ஜினுக்குள் டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் திறக்கும் அளவுக்கு அழுத்தம் ஏறாது. ஸ்டார்ட்டர் சுற்றும், வண்டி பிடிக்காது. டேங்க் வறண்டு போனாலோ, ஃபில்டர் மாற்றினாலோ இது வரும். இன்னொரு காரணத்தைப் பலர் கவனிப்பதில்லை. டேங்கிலிருந்து பம்ப் வரை உறிஞ்சும் பக்கம். அங்கே ரப்பர் ஹோஸில் மயிரிழை வெடிப்பு இருந்தால் கீழே ஒரு சொட்டு டீசல் ஒழுகாது, ஆனால் காற்றை உள்ளே இழுத்துக்கொண்டே இருக்கும். ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவே கண்ணாடி போன்ற ஹோஸ் ஒரு துண்டு போட்டுப் பார்த்தால் குமிழி ஓடுவது தெரியும்.

ஆக நமக்கு இரண்டு சொல் வேண்டும். காற்று புகுந்து நிற்கும் நிலைக்கு ஒன்று, அதை வெளியேற்றும் வேலைக்கு ஒன்று.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், பாலக்கோடு:

இதில் திண்டாட என்ன இருக்கிறது? நிலைக்கு ‘வளிக்கட்டு’. வேலைக்கு ‘வளிநீக்கம்’. வளி நமக்குப் பழகிய சொல். கரிகாலனைப் பாடிய புறப்பாட்டு ‘வளிதொழில் ஆண்ட உரவோன் மருக’ என்கிறது. காற்றை வேலைவாங்கியவர்களின் வழிவந்தவர்கள் நாம். குறளில் மருந்து அதிகாரத்தின் முதல் பாட்டையும் பாருங்கள். ‘மிகினும் குறையினும் நோய்செய்யும்’ என்று தொடங்கி ‘வளிமுதலா எண்ணிய மூன்று’ என்று முடிகிறது. பயிற்றுநர் தம்பி சொன்ன நோயும் அதுதானே? ‘ஏர்’ என்பதோ உழுபடை. பழம்பாட்டில் அழகு என்றும் பொருள். ஆங்கிலத்தை மூன்றாவது பொருளாக அதன் தலையில் ஏற்றுவது அநியாயம்.

பட்டறைக்காரர், காவேரிப்பட்டணம்:

ஐயா மன்னிக்கணும். நீங்கள் எழுதியதை என் பையனிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். ‘வலிநீக்கம்’ என்றான். தைலம் விற்கிறார்களா என்று பக்கத்தில் இருந்தவர் கேட்டார். எங்கள் பக்கம் ளகரமும் லகரமும் வாயில் ஒன்றுதான், வாட்ஸாப்பில் குரலில் சொன்னால் அதுவும் வலி என்றுதான் அடிக்கும்.

ஏர் என்றால் ஏர்தான். வண்டி வைத்திருக்கிறவன் எவனும் கலப்பை என்று நினைக்க மாட்டான்.

தமிழாசிரியர், பாலக்கோடு:

உச்சரிப்புப் பிழைக்குச் சொல்லைக் குறை சொல்வது முறையல்ல. சரி, வளி வேண்டாமென்றால் ‘கால்’ இருக்கிறது. காலுக்குக் காற்று என்ற பொருள் பழம்பாடல்கள் நெடுக வரும். காற்று என்ற சொல்லே அதிலிருந்து கிளைத்தது. ‘கால்கழித்தல்’ என்று சொல்லலாம்.

மென்பொருள் பணியாளர், ஓசூர்:

ஐயா, ‘காலைக் கழித்த பிறகு வண்டியை ஓட்டவும்’ என்று கையேட்டில் வந்தால் காவல்துறை வரும்.

ஆனால் கால் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. ஓசூர், தளி பக்கம் தெலுங்கு, கன்னடம் பேசும் மெக்கானிக்குகள் காற்றைச் சொல்லும் சொல்லைத் தமிழில் எழுதினால் ‘காலி’ என்றுதான் வரும். டேங்க் காலியானதால் லைனில் காலி புகுந்தது! நம் கால்தான் அங்கே போய்க் காலியாகித் திரும்பி வருகிறது போல.

தக்காளி விவசாயி, இராயக்கோட்டை:

எங்கள் வீட்டில் பழைய பிக்கப் ஒன்று ஓடுகிறது, அதனால் எழுதுகிறேன். ‘காற்று எடுத்தல்’ என்று எளிதாகப் போட்டால் ஆயிற்றே என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் காற்று எடுப்பது, இறக்குவது என்றால் கை நேராக டயருக்குப் போகும். சந்தைக்கு நேரமாகிற பதற்றத்தில் ஒருவர் நாலு டயரையும் இறக்கிவிட்டு உட்கார்ந்திருப்பார். ‘வாயுப்பிடிப்பு’ என்றால் எங்கள் ஊரில் யாருக்கும் விளக்கவே வேண்டாம். விலாவில் பிடித்தால் மூச்சு விட முடியாது, வண்டிக்கும் அதேதான்.

தமிழாசிரியர், பாலக்கோடு:

அம்மா, பொருத்தம் அருமை. ஆனால் வாயு வடசொல். அதற்கு ஏரே தேவலை.

மென்பொருள் பணியாளர், ஓசூர்:

டீசல் மட்டும் தமிழா ஐயா?

தமிழாசிரியர், பாலக்கோடு:

டீசல் ஒருவர் பெயர் தம்பி. ருடால்ஃப் டீசல் 1897-இல் தம் எந்திரத்தை ஓட்டிக் காட்டினார். மனிதர் பெயரை மொழிபெயர்க்க மாட்டோம். ஆனால் கையேட்டில் ‘ஸ்டெப்னி’ என்று கண்டேன், அதை விட மாட்டேன். அது வேல்ஸ் நாட்டில் ஒரு தெருவின் பெயர். நமக்கோ சேம அச்சு இருக்கிறது. உப்பு வணிகர் வண்டி பள்ளத்தில் இறங்கினாலும் மேட்டில் ஏறினாலும் எதுவும் நேரலாம் என்று கீழே மாற்று அச்சு ஒன்றைக் கட்டிக்கொண்டு போவார்களாம். அந்தச் சேம அச்சைப் போன்றவன் என்று அதியமான் மகனை ஔவை பாடியது புறம் 102. அதியமான் ஆண்ட தகடூர், இன்றைய தருமபுரி மண்ணில் அச்சாகும் கையேட்டில் ‘சேமச் சக்கரம்’ வராமல் வேறு எங்கே வரும்?

தொகுப்பாளர், தருமபுரி:

சேமச் சக்கரம் எனக்கும் பிடித்திருக்கிறது, போடுகிறேன். ஆனால் ஐயா, வெள்ளிக்கிழமை.

பயிற்றுநர், கிருஷ்ணகிரி:

வேலையை மறுபடி கண்முன் கொண்டுவந்து பாருங்கள். ஃபில்டர் தலையில் உள்ள சின்னத் திருகை ஒன்றிரண்டு சுற்று தளர்த்துகிறோம். கை பம்பை அமுக்குகிறோம். முதலில் நுரை நுரையாக வரும், அப்புறம் விட்டு விட்டுத் துப்பும், அப்புறம் குமிழி இல்லாமல் டீசல் மட்டும் வழியும். பம்பை அமுக்கிப் பிடித்தபடியே திருகை இறுக்குகிறோம். அப்படியும் பிடிக்கவில்லையென்றால் இன்ஜெக்டருக்குப் போகும் குழாய் நட்டுகளை அரைச் சுற்று தளர்த்தி, ஸ்டார்ட்டரைச் சில விநாடிகள் மட்டும் சுற்றி, டீசல் எட்டிப் பார்த்ததும் இறுக்குகிறோம். இதைப் பார்த்தால் எனக்கு நீக்கம், கழிவு எதுவும் தோன்றவில்லை. வடிப்பது போலத்தான் இருக்கிறது. ‘காற்று வடித்தல்’ என்றால் என்ன? நிலைக்குக் ‘காற்றடைப்பு’.

ஒரு விஷயம், சொல் எதுவானாலும் இதைத் தடித்த எழுத்தில் போடுங்கள்: குழாய் நட்டைத் தளர்த்தும் அந்த இரண்டாவது வழி பழைய மெக்கானிக்கல் பம்ப் வண்டிக்கு மட்டும். காமன் ரெயில் என்ற புதிய வகை டீசல் வண்டியில் அழுத்தம் ஆயிரம் ‘பார்’ (அழுத்த அளவு) அளவுக்கு மேல். அந்த நட்டைத் தளர்த்தினால் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். பழைய வண்டியிலும் கையை எதிரே நீட்டக்கூடாது.

தமிழாசிரியர், பாலக்கோடு:

வடித்தல்! வடிகட்டியும் வடிகாலும் அதே வேர்தான். வடித்த கஞ்சி, வடித்த சொல், வடித்த சிலை. சிற்பி வடிப்பதும் வேண்டாததைப் போக்குவதுதானே. வடிவு, வடிவம் என்று பின்தொடர்ந்தால்...

தொகுப்பாளர், தருமபுரி:

ஐயா.

தமிழாசிரியர், பாலக்கோடு:

சரி, நிறுத்துகிறேன். ஆனால் ஓர் இடறல் இருக்கிறது. சோறு வடித்தால் கஞ்சி போகும், சோறு நிற்கும். இங்கே காற்றும் போகிறது, கொஞ்சம் டீசலும் போகிறது. வடிபடுவது காற்றா, டீசலா? இலக்கணப்படி ‘காற்றற வடித்தல்’ என்பதே சரி.

பட்டறைக்காரர், காவேரிப்பட்டணம்:

டேங்கைத் திறந்து மொத்த டீசலையும் வடித்துவிடுவார்களே ஐயா! வடிக்கிறது என்றால் எங்களுக்கு அதுதான். ஃபில்டர் அடியில் தேங்கும் தண்ணியைத் திறந்து விடுகிறோமே, அதற்கு அந்தச் சொல்லைக் கொடுங்கள், பொருந்தும்.

தக்காளி விவசாயி, இராயக்கோட்டை:

அண்ணா சொல்வது நியாயம்தான். ஆனால் ‘காற்று வடித்தல்’ என்று முழுசாகப் போட்டு, பக்கத்தில் படம் போட்டு, திருகுக்கு ஓர் அம்புக்குறி காட்டினால் டேங்குக்கு யாரும் போக மாட்டார்கள். டயருக்கும் போக மாட்டார்கள்.

மென்பொருள் பணியாளர், ஓசூர்:

என் வாக்கு காற்று வடித்தலுக்கு. சோர்ந்துவிட்டேன்.

தொகுப்பாளர், தருமபுரி:

காற்றடைப்பு, காற்று வடித்தல். பக்கத்தில் ‘பட்டறையில் ஏர் எடுப்பது என்பார்கள்’ என்று ஒரு வரி. தண்ணீருக்கு ‘நீர் வடித்தல்’. இப்படியே அச்சகத்துக்கு அனுப்புகிறேன். எல்லாருக்கும் நன்றி.

பட்டறைக்காரர், காவேரிப்பட்டணம்:

போடுங்கள், சண்டைக்கு வரவில்லை. என் பட்டறையில் ஏர்தான். படத்தில் திருகைச் சரியாகக் காட்டுங்கள். சில ஃபில்டரில் தலையில் இரண்டு திருகு இருக்கும், ஒன்று ஃபில்டரையே கழற்றிவிடும்.

தமிழாசிரியர், பாலக்கோடு:

‘காற்றற’ என்பதில் என் மறுப்பைப் பதிவுசெய்துகொள்ளவும். அப்புறம் அந்த ஹீட்டர் பிளக் என்ன ஆயிற்று? ‘கணப்பு முளை’ என்று ஒன்று தோன்றுகிறது.