வீல்பேஸ்: ‘சக்கர இடைவெளி’ சரிவராது, ‘அச்சிடைத் தூரம்’ எப்படி?

வணக்கம்.

சைக்கிளைக் கழற்றிப் பைக்குள் அடைத்து விமானத்தில் கொண்டுபோவது பற்றி நான் எழுதிவரும் கையேடு வீல்பேஸ், அதாவது முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே உள்ள தூரம், என்ற சொல்லில் வந்து முட்டி நிற்கிறது. அதற்குத் தமிழ்ச்சொல் வேண்டும். நேற்று நம் கலைச்சொல் குழுவில் அதற்கு வந்த மூன்று பரிந்துரைகளையும் தாளில் எழுதி வைத்துக்கொண்டு, கூடத்தில் சைக்கிளைச் சுவரோரம் நிறுத்தி, இஞ்சு டேப்போடு உட்கார்ந்து பார்த்தேன். அதில் தோன்றியதை எழுதுகிறேன்.

இந்தச் சொல்லுக்கு ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும் என்று ஒருவர் கேட்டிருந்தார். பை வாங்கப் போகிறவர் முதலில் கேட்பது, “என் பிரேம் 56 சைஸ், உள்ளே போகுமா?” என்பதுதான். அந்த 56-ஐ வைத்து எதுவும் சொல்ல முடியாது. சீட்டையும் அதன் குழாயையும் உருவிவிடுகிறோம். இரண்டு சக்கரங்களும் கழன்று பக்கவாட்டில் போய்விடுகின்றன. பெடலும் ஹேண்டில்பாரும் கழன்றுவிடும். கடைசியில் மிஞ்சுவது பிரேமும், முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவையான போர்க்கும் சேர்ந்த எலும்புக்கூடு. பின் அச்சு உட்காரும் வெட்டிலிருந்து போர்க்கின் நுனி வெட்டு வரை அதன் நீளம் எவ்வளவோ அதுதான் வீல்பேஸ். பை செய்கிறவர்கள் பலர் அந்த அளவைக் குறிப்பிட்டு விற்பது இதனால்தான். சாலைச் சைக்கிளுக்கு அது ஏறக்குறைய 1 மீட்டர். இன்றைய மலைச் சைக்கிள்கள் பலவற்றில் 120 சென்டிமீட்டரைத் தாண்டுகிறது. சாலைச் சைக்கிளுக்கு வாங்கிய பையில் மலைச் சைக்கிள் நுழையாமல் முட்டுவது இங்கேதான்.

> சக்கர அடித்தளம் என்றே வைக்கலாம். மூலச்சொல்லுக்கு நெருக்கமாக இருக்கும்.

மூலச்சொல்லுக்கு நெருக்கம்தான், ஆனால் பொருளுக்குத் தூரம். அடித்தளம் என்றால் வீட்டுக்குக் கீழே இருப்பது. அதைப் படித்தவர் டேப்பை எங்கே வைப்பார்? கலைச்சொல் எதுவானாலும் நான் முதலில் பார்ப்பது, படித்தவருடைய கை சரியான இடத்துக்குப் போகிறதா என்பதைத்தான்.

> சக்கர இடைவெளி. எளிமை, எல்லோருக்கும் புரியும்.

எனக்கும் முதலில் இது பிடித்திருந்தது. அப்புறம் வெளியூரில் இருக்கும் தம்பியிடம் போனில், “உன் சைக்கிளில் சக்கர இடைவெளி எவ்வளவு, அளந்து சொல்” என்றேன். “31 சென்டிமீட்டர் அண்ணா” என்றான். அவன்மேல் தப்பே இல்லை. முன் டயரின் பின் விளிம்புக்கும் பின் டயரின் முன் விளிம்புக்கும் நடுவே வெறுமையாக இருக்கும் இடத்தை அளந்திருக்கிறான். தமிழில் இடைவெளி என்றால் அதுதானே. 28 மில்லிமீட்டர் டயர் போட்ட அவன் சக்கரத்தின் விட்டம் கிட்டத்தட்ட 68 சென்டிமீட்டர். அதைக் கூட்டினால் 99 வருகிறது, நமக்கு வேண்டிய அளவு அதுதான். சொல் எளிமையாக இருந்தும் அளவில் 68 சென்டிமீட்டர் பிசகுகிறது.

> யாழ்ப்பாணத்தில் நாங்கள் சில்லு என்போம். சில்லிடைத் தூரம் சரிவருமா?

சில்லு அழகான சொல், காதுக்கும் இதமாக இருக்கிறது. ஆனால் இங்கேயும் அளவு சக்கரத்தின் விளிம்பில்தான் போய் நிற்கிறது. தவிர, தமிழ்நாட்டில் சில்லு என்றால் உடைந்த கண்ணாடித் துண்டுதான் நினைவுக்கு வரும். கணினித் தமிழ்க்காரர்கள் வேறு அதை ‘சிப்’ என்பதற்கு எடுத்துக்கொண்டுவிட்டார்கள்.

அளவு தொடங்குவதும் முடிவதும் அச்சில். அதனால் சொல்லும் அச்சிலிருந்துதான் பிறக்க வேண்டும் என்று நினைக்கிறேன். வண்டி அச்சு நமக்குப் புதிதில்லை. மயிலிறகேயானாலும் அளவுக்கு மீறி ஏற்றினால் ‘அச்சிறும்’ (அச்சு முறியும்) என்று குறள் 475 சொல்வது இந்த அச்சைத்தான். சக்கரம் கழன்று ஓடாமல் அதன் முனையில் செருகுவது அச்சாணி. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். அச்சு இருந்தும் இந்த அளவுக்கு நம்மிடையே பழஞ்சொல் புழக்கத்தில் இல்லாததற்குக் காரணம் ஒன்று எனக்குத் தோன்றுகிறது. மாட்டுவண்டிக்கு ஒரே அச்சு. இரண்டு அச்சு இருந்தால்தானே நடுவில் அளக்க?

என் முன்மொழிவு: அச்சிடைத் தூரம்.

‘அச்சு நீளம்’ என்று சுருக்கலாமே என்று சிலர் சொல்லக்கூடும். கூடாது. அது அச்சின் சொந்த நீளம், வேறோர் அளவு. சைக்கிளில் அதுவும் அடிக்கடி தேவைப்படும், அதற்கே அந்தப் பெயரை விட்டுவைப்போம். ‘அச்சிடை’ என்றால் அச்சிடுவது நினைவுக்கு வராதா என்ற தயக்கம் எனக்கும் இருந்தது. ஆற்றிடைக்குறை என்று தடுமாறாமல் சொல்லும் நாக்குக்கு அச்சிடைத் தூரமும் இரண்டு நாளில் பழகிவிடும்.

சைக்கிளோடு உட்கார்ந்ததில் இன்னொன்றும் தெரிந்தது, இதற்கும் ஒரு சொல் வேண்டும். போர்க்கின் நுனி சற்று முன்னால் தள்ளி நிற்கும், சாலைச் சைக்கிளில் 45 மில்லிமீட்டர் அளவில். பிரேக் கேபிள் இடம் கொடுத்தால் போர்க்கை அப்படியே பின்பக்கமாகத் திருப்பிவிடலாம். முன்னால் தள்ளியிருந்தது இப்போது பின்னால் தள்ளியிருக்கும். என் சைக்கிளில் 99 சென்டிமீட்டர் 91-க்குக் கொஞ்சம் கீழே வந்தது. பைக்குள் 8 சென்டிமீட்டர் என்பது சின்ன விஷயமில்லை, ஜிப் மூடுமா மூடாதா என்பது அதில் இருக்கிறது. போர்க்கையே கழற்றிவிட்டால் இன்னும் குறையும். மாறாக, பின்பக்கக் கியர் மாற்றியைக் கழற்றாமல் விட்டால் அச்சுக்கு வெளியே நீட்டிக்கொண்டு நீளத்தைக் கூட்டும்.

இப்படித் திருப்பியும் கழற்றியும் கிடைக்கும் நீளத்தை அச்சிடைத் தூரம் என்று சொல்லக்கூடாது. ஓட்டும் நிலையில் ஹேண்டில்பாரை நேராக வைத்து அளப்பதுதான் அச்சிடைத் தூரம். கட்டி முடித்த நிலையில் வருவதை ‘பொதிநீளம்’ என்று சொல்லலாமா? பொதி சுமப்பது, பொதிமாடு என்று புழக்கத்தில் உள்ள சொல். இலங்கையில் தபாலில் வருவதும் பொதிதான். பை விற்பவர் சொல்வது அச்சிடைத் தூரம், நாம் பைக்குள் சுருக்கிக்கொள்வது பொதிநீளம். கையேட்டில் இந்த வேறுபாடு தெளிவாக இருந்தால் பாதிக் கேள்விகள் குறைந்துவிடும்.

பல விமான நிறுவனங்கள் நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டி 158 சென்டிமீட்டர் என்று வைத்திருக்கும் வரம்புக்கு ‘மூவளவுக் கூட்டு’ என்று போட்டிருக்கிறேன். மறுப்பு இருந்தால் சொல்லுங்கள். முழுச் சைக்கிள் பை எப்படியும் இதைத் தாண்டும், விளையாட்டுப் பொருளாகத்தான் பதிவு செய்ய வேண்டியிருக்கும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். மாட்டுவண்டிக்கு ஒரே அச்சு என்றேன், ஆனால் கோயில் தேருக்கு இரண்டு உண்டு. திருவாரூர்ப் பக்கம் தேர் வேலை செய்யும் தச்சர் யாரையாவது தெரிந்தவர்கள் குழுவில் இருந்தால், முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே உள்ள அளவை அவர்கள் என்னவென்று சொல்கிறார்கள் என்று கேட்டுச் சொல்லுங்கள். அவர்கள் வாயில் ஒரு சொல் இருந்தால் என்னுடையதை எடுத்துவிட்டு அதையே போட்டுவிடுகிறேன். அதுவரை கையேட்டில் அச்சிடைத் தூரம் என்றே இருக்கும்.