மொட்டை மாடியில் சாட்டிலைட் பார்த்த அனுபவம் உண்டா?

காரைக்குடிக்காரன்:
2025 ஜூலை. சுபான்ஷு சுக்லா விண்வெளி நிலையத்தில் இருந்த நேரம். நாசா சொன்ன நேரத்தைக் கைபேசியில் வைத்துக்கொண்டு, ஏழே முக்காலுக்கு அப்பத்தாவை மாடியில் நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். தென்மேற்கே தென்னந்தோப்புக்கு மேல் மங்கலாக ஒரு புள்ளி. உச்சிக்கு வந்தபோது பக்கத்தில் எந்த நட்சத்திரமும் எடுபடவில்லை.

"ஏரோப்ளேன்தானடா?"

ஏரோப்ளேன் என்றால் விட்டு விட்டு மினுக்கும், இது ஒரே சீராகப் போகிறது பாருங்கள் என்றேன். 400 கிலோமீட்டர் உயரத்தில், அதற்குள் நம்ம நாட்டுக்காரர் ஒருத்தர் இருக்கிறார் என்றதும், "சோத்துக்கு என்ன பண்ணுவான், பாவம்" என்றார். கேரட் அல்வா கொண்டுபோயிருக்கிறார் என்றேன். மூன்று வேளையும் அல்வாவா என்று அதற்கும் கவலை.

பேசிக்கொண்டிருக்கும்போதே, கிழக்கே பாதி இறங்கிய இடத்தில் லேசாகச் சிவந்து அணைந்துவிட்டது. மேகம் ஒரு துண்டுகூட இல்லை. அப்பத்தா பதறி எழுந்துவிட்டார். அதற்குச் சொந்த வெளிச்சம் கிடையாது, நமக்கு மறைந்த சூரியன் அந்த உயரத்தில் இன்னும் அடிக்கிறது, பூமியின் நிழலுக்குள் போனதும் தெரியாது என்று விளக்கினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஒன்றரை மணி நேரத்தில் உலகத்தைச் சுற்றிவிடும் என்றும் சொல்லித் தொலைத்தேன். ஒன்பதே கால் வரை கீழே இறங்கவில்லை. அடுத்த சுற்றில் அது மேற்கே தள்ளிப் போகும், அப்போது நிழலில்தான் இருக்கும் என்றெல்லாம் யார் சொல்வது?

பழைய விடுதிவாசி:
இரிடியம் என்ற சாட்டிலைட் போன் நிறுவனத்தின் சாட்டிலைட்டுகள் திடீரென்று மின்னும் பளிச்சீட்டைப் பார்த்தவர்கள் இருக்கிறீர்களா? அந்தச் சாட்டிலைட்டுகளில் கதவளவு ஆன்டெனாத் தகடு, கண்ணாடி மாதிரி. அதில் பட்டுத் தெறிக்கிற வெயில் நம் பக்கம் விழுந்தால் சில நொடிகள் வெள்ளிக் கோளே தோற்றுவிடும். எந்த நொடி, எந்தத் திசை என்பதுவரை ஹெவன்ஸ்-அபவ் இணையதளத்தில் அப்போது கிடைக்கும். "தண்ணீர்த் தொட்டிக்கு நேர் மேலே" என்று பந்தயம் கட்டினேன். என் கடிகாரம் இரண்டு நிமிடம் மெதுவாக ஓடியதால், எல்லோரும் பார்த்து முடித்த பிறகுதான் நான் படியேறினேன். பரோட்டா மட்டும் கிடைத்தது. 2017இலிருந்து புதியவற்றை ஏவி, பழையவற்றில் பெரும்பாலானதை இறக்கிவிட்டார்கள். புதியதில் அந்தத் தகடு இல்லை.

விடியற்காலைப் பறவை:
எங்கள் ஊரில் பால் கறக்கப் போனவர் வாட்ஸ்அப்பில் வீடியோ போட்டார், வானத்தில் ரயில் பெட்டி மாதிரி வரிசையாக விளக்குகள். இன்டர்நெட் தரும் ஸ்டார்லிங்க் சாட்டிலைட்டுகள்தான். ஏவிய சில நாட்களுக்கு அப்படித் தெரியும், அப்புறம் மேலே ஏறிப் பிரிந்து மங்கிவிடும் என்று எழுதினேன். எனக்கு ஒரு கட்டைவிரல். "ஏவுகணை, உஷார்" என்று எழுதியவருக்கு நாற்பது.