அப்டேட்டுக்கு அப்புறம் வாட்ஸ்அப் மெசேஜ் போனைத் தொறந்தா தான் வருது, என்ன பண்றது?

மல்லி_வாடிப்பட்டி:
வணக்கம் எல்லாருக்கும். நாங்க வாடிப்பட்டி பக்கம் மல்லி போட்டுருக்கோம். விடியக்காலம் தலையில லைட்டைக் கட்டிக்கிட்டு மொட்டு எடுக்க எறங்கிருவோம், எடுத்து முடிக்கிற நேரத்துக்கு மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட் கமிஷன் கடைக்காரர் வெலை எப்பிடி வரத்து எப்பிடின்னு வாட்ஸ்அப்ல வாய்ஸ் போட்டுருவாரு, அதைக் கேட்டுத்தான் பூவை மதுரைக்கு ஏத்துறதா நிலக்கோட்டைக்கு ஏத்துறதான்னு முடிவு பண்ணுவோம். போன்ல பெரிய அப்டேட் ஒண்ணு வந்துச்சு, போட்டேன், அதுல இருந்து எந்த மெசேஜும் தானா வரமாட்டேங்குது, லாக்கை எடுத்து வாட்ஸ்அப்பைத் தொறந்தா தான் பொலபொலன்னு எல்லாம் ஒண்ணா விழுகுது. போன முகூர்த்தத்துக்கு மதுரையில நல்ல வெலை, வாய்ஸ் போட்டது தெரியாம வண்டி நிலக்கோட்டைக்குப் போயிருச்சு, மனசே ஆறல. சிக்னல் இருக்கு, கால் வந்தா அடிக்குது, நோட்டிஃபிகேஷனும் ஆன்ல தான் இருக்கு. சர்வீஸ் கடையில ரீசெட் அடிக்கணும்ங்கறாங்க, பூச்சீட்டு போட்டோ, கொடுக்கல் வாங்கல் கணக்கு எல்லாம் அந்த போன்ல தான் கெடக்கு. வேற வழி இருக்கா?

செல்லூர்_ராக்கெட்:
ரீசெட் போட்டுருங்க அண்ணே, பெரிய அப்டேட்டுக்கு அப்புறம் அதான் பெஸ்ட்டு. போன் புதுசாட்டம் ஆயிரும்.

திருநகர்_ஆண்ட்ராய்டு:
அண்ணே ரீசெட் வேணாம், தயவு செஞ்சு அவசரப்படாதீங்க. பேக்கப் சரியா இல்லாம ரீசெட் அடிச்சா சாட் திரும்பி வராது, 2024ல இருந்து வாட்ஸ்அப் பேக்கப்பும் கூகுள் குடுக்குற 15 ஜிபி கணக்குல தான் சேருது, ஜிமெயில் போட்டோ எல்லாம் சேர்ந்து எடம் ரொம்பிருச்சுன்னா பேக்கப் நின்னுரும், நமக்குத் தெரியக்கூட தெரியாது. அதுவும் போக உங்க பிரச்சனைக்கு ரீசெட் மருந்தே இல்லன்னு தான் நெனைக்கிறேன்.

மொதல்ல ரெண்டு விஷயம் பாத்து சொல்லுங்க. ஒண்ணு, கமிஷன் கடைக்காரரை உங்களுக்குத் தனியா ஒரு மெசேஜ் போடச் சொல்லுங்க, க்ரூப்புல வேணாம், க்ரூப்புல எல்லாருக்கும் போய்ச் சேர்ந்தா தான் ரெண்டு டிக் விழும். உங்க போன் சும்மா கெடக்கும்போது அவருக்கு ஒரு டிக்கா ரெண்டு டிக்கா? ரெண்டு டிக்னா மெசேஜ் வந்துருச்சு, சத்தம் தான் வரல, அப்ப டூ நாட் டிஸ்டர்ப், பெட்டைம் மோடு அங்கிட்டு பாக்கணும். ஒரு டிக்னா போனே வாங்கல. ரெண்டாவது, ராத்திரி சார்ஜ்ல போட்டு வச்சா மெசேஜ் நேரத்துக்கு வருதா?

மல்லி_வாடிப்பட்டி:
பாத்துட்டேன் தம்பி. ஒரு டிக் தான் விழுகுதாம், நான் தொறந்த பெறகு தான் ரெண்டாகுதாம். சார்ஜ்ல இருந்தா டக்குனு வருது. ஆனா தோட்டத்துல மோட்டார் ரூம் திண்டுல தான் போனை வச்சுட்டு எறங்குவோம், அங்க எங்க சார்ஜ் போட.

திருநகர்_ஆண்ட்ராய்டு:
அப்ப இது பேட்டரி சேமிக்கிற வேலை தான், உறுதியா சொல்லலாம். ஆண்ட்ராய்டு 6ல, 2015ல, டோஸ்னு ஒண்ணு வந்துச்சு. சார்ஜ்ல இல்லாம, அசையாம, ஸ்க்ரீன் ஆஃப்ல கொஞ்ச நேரம் கெடந்தா போன் நெட்டை அடைச்சு வச்சு அப்பப்ப மட்டும் தொறக்கும். அவசர மெசேஜுக்கு மட்டும் வழி விடும், வாட்ஸ்அப் அந்த வழியில தான் வரும், சாதாரணமா தப்பிச்சுரும். ஆனா சில கம்பெனிங்க அதுக்கு மேல தன்னோட கட்டுப்பாட்டையும் போட்டு ஆப்பையே மொத்தமா நிறுத்தி வச்சுரும், நிறுத்துன ஆப்பை நாம தொறக்குற வரைக்கும் அந்த வழியும் எழுப்பாது. நீங்க முன்னாடி மாத்தி வச்ச செட்டிங்கை அப்டேட் பழையபடி ஆக்கியிருக்கும்.

செட்டிங்ஸ், ஆப்ஸ், வாட்ஸ்அப், பேட்டரி. அங்க அன்ரெஸ்ட்ரிக்டட்னு வைங்க. ஆட்டோஸ்டார்ட்னு, ஆப்பைத் தானா ஓட விடுற மெனு தனியா ஒண்ணு இருந்தா அதுலயும் வாட்ஸ்அப்பை ஆன் பண்ணணும், இதைத்தான் நெறைய பேரு விட்டுர்றாங்க. சாம்சங்னா நெவர் ஸ்லீப்பிங் ஆப்ஸ்ல சேக்கணும். டேட்டா சேவர் ஆன்ல இருந்தா அதுலயும் வாட்ஸ்அப்புக்கு விலக்கு குடுங்க. ரீசன்ட் ஸ்க்ரீன்ல, அதான் கடைசியா தொறந்த ஆப் எல்லாம் வரிசையா நிக்குமே, அங்க வாட்ஸ்அப்பை அழுத்திப் புடிச்சா சில போன்ல பூட்டுப் படம் வரும், அதைப் போட்டு வைங்க. கிளியர் டேட்டா பட்டனை மட்டும் தொட்றாதீங்க, சாட் போயிரும்.

சோழவந்தான்_அக்கா:
தம்பி சொல்றதோட இதையும் சேத்துக்கங்க. ராத்திரி படுக்கும்போது பேட்டரி மிச்சமாகும்னு ரீசன்ட்ல இருக்குற எல்லாத்தையும் தள்ளிவிட்டுட்டுப் படுக்குற பழக்கம் நெறைய பேருக்கு உண்டு, எங்க வீட்டுலயும் புள்ளைங்க அப்பிடித்தான். சில போன்ல அப்பிடித் தள்ளுனாலே ஆப் செத்துரும், காலையில தொறக்குற வரைக்கும் ஒண்ணும் வராது. பேட்டரியும் பெருசா மிச்சமாகாது, மறுபடி தொறக்கும்போது அதுக்கும் சேத்து தான் செலவாகும். வீட்டுல யாரு போனைத் தொட்டாலும் வாட்ஸ்அப்பைத் தள்ளக் கூடாதுன்னு சொல்லி வைங்க.

மல்லி_வாடிப்பட்டி:
ஆட்டோஸ்டார்ட் ஆஃப்ல தான் இருந்துச்சு தம்பி! பேட்டரியும் மாத்திட்டேன். இன்னைக்கு திண்டுல வச்சுட்டு மொட்டு எடுத்துக்கிட்டு இருக்கும்போதே வாய்ஸ் வந்து சத்தம் கேட்டுச்சு, பூ மதுரைக்கு ஏத்தியாச்சு. அக்காவுக்கும் ரொம்ப நன்றி. பேங்க் ஆப்புக்கும் இதே மாதிரி பண்ணணுமா?

திருநகர்_ஆண்ட்ராய்டு:
ரொம்ப சந்தோஷம்ணே. பேங்க் ஆப்புக்குத் தேவையில்ல, பணம் வந்தா பெரும்பாலும் எஸ்எம்எஸ் தனியா வரும், அது இந்தக் கட்டுப்பாட்டுல மாட்டாது. எல்லா ஆப்பையும் தொறந்து விட்டா பேட்டரி நிக்காது, தேவையானதுக்கு மட்டும் குடுங்க. அடுத்த பெரிய அப்டேட் வந்தா ஆட்டோஸ்டார்ட்டை ஒரு தடவை பாத்துருங்க, அது மறுபடி ஆஃப் ஆக வாய்ப்பு இருக்கு.