ஹெபடைடிஸ் சி: கிருமி போன பிறகும் கல்லீரலைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது (அனுபவப் பகிர்வு)

காரைக்குடியிலிருந்து:

எங்கள் ஆத்தாவுக்கு ஹெபடைடிஸ் சி (ஒரு வைரஸ் கிருமியால் வரும் கல்லீரல் அழற்சி) இருப்பது, கண்புரை அறுவைக்கு முன் வழக்கமாக எடுக்கும் இரத்தப் பரிசோதனையில்தான் தெரிய வந்தது. அதற்கு முன் அவர்களுக்கு மஞ்சள் காமாலை வந்ததில்லை, வயிற்றுவலியும் இல்லை. அசதி மட்டும் இருந்தது, அதை வயதின் கணக்கில் எழுதி வைத்திருந்தோம். மதுரையில் பார்த்த கல்லீரல் மருத்துவர் முதலில் கேட்ட கேள்வியே, "எப்போதாவது இரத்தம் ஏற்றியிருக்கிறார்களா?" என்பதுதான். ஏற்றியிருக்கிறார்கள். 1980-களில் தம்பி பிறந்தபோது உதிரப்போக்கு நிற்காமல் உயிர் பிழைத்ததே அந்த இரத்தத்தால்தான். இரத்தம் ஏற்றிக்கொண்டவர்களுக்கு ஏ வகையும் பி வகையும் அல்லாத ஒரு கல்லீரல் அழற்சி வருவதை ஹார்வி ஆல்டர் 1970-களிலேயே காட்டியிருந்தாலும், அதற்குக் காரணமான கிருமியை மைக்கேல் ஹௌட்டனின் குழு கண்டுபிடித்தது 1989-இல்தான். நம் நாட்டு இரத்த வங்கிகளில் அதற்கான சோதனை கட்டாயமானது 2000-களின் தொடக்கத்தில்தான். ஆகவே அந்தக் காலத்தில் இரத்தம் ஏற்றிக்கொண்ட தாய்மார்கள் நம் ஊர்களில் இருந்தால், உடம்பில் ஒரு குறையும் தெரியாவிட்டாலும், ஒருமுறை சோதித்துக்கொள்ளும்படி மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

முதல் அறிக்கையில் 'ஆன்டி எச்.சி.வி. ரியாக்டிவ்' என்றுதான் இருந்தது. அதாவது கிருமிக்கு எதிராக உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருள் இரத்தத்தில் இருந்தது. அதன் பொருள், கிருமி எப்போதோ உடம்புக்குள் வந்து போயிருக்கிறது அல்லது இன்னும் இருக்கிறது என்பது மட்டுமே. தொற்றியவர்களில் நூற்றுக்குப் பதினைந்து முதல் நாற்பத்தைந்து பேருக்கு ஆறு மாதத்துக்குள் மருந்தே இல்லாமல் அது நீங்கிவிடுவதுண்டு. கிருமி இப்போது இருக்கிறதா என்பதைச் சொல்வது ஆர்.என்.ஏ. சோதனை. ஆத்தாவுக்கு அதிலும் கிருமி இருந்தது. ஃபைப்ரோஸ்கேனில் கல்லீரலின் இறுக்கம் 16 கிலோபாஸ்கல் என்று வந்தது, 12.5-க்கு மேல் போனால் சிரோசிஸ், அதாவது கல்லீரல் தழும்பேறி இறுகிவிட்ட நிலை, என்றே பொதுவாக எடுத்துக்கொள்கிறார்கள்.

மாத்திரையைவிட எங்களை அதிகம் வருத்தியது ஊர்ப்பேச்சு. வாழ்நாளில் மதுவின் வாடையைக்கூட அறியாத ஒருவரைப் பற்றி, "குடிக்காதவர்களுக்கு ஈரல் எப்படிக் கெடும்?" என்று வளவுக்குள்ளேயே கேட்டார்கள். உறவினர் ஒருவரின் அறுபதாம் கல்யாணத்தில் ஆத்தா காபி குடித்த எவர்சில்வர் தம்ளரில் சிவப்பு நூல் கட்டித் தனியாக எடுத்து வைத்திருந்தார்கள். ஆத்தா அதைப் பார்த்துவிட்டார்கள்; ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் மதியப் பந்திக்கு உட்காரவில்லை. இந்தக் கிருமி இரத்தத்தின் வழியாகப் பரவுவது. சுத்தம் செய்யாத ஊசி, ஒருவர் பயன்படுத்திய சவர பிளேடு, பச்சை குத்தும் கருவி ஆகியவற்றால் வரலாம். சேர்ந்து சாப்பிடுவதாலோ, தம்ளராலோ, கட்டி அணைப்பதாலோ, தாய்ப்பாலாலோ வராது.

சிகிச்சையைப் பொறுத்தவரை நாங்கள் நல்ல காலத்தில் இருந்தோம். முன்பெல்லாம் இன்டர்ஃபெரான் ஊசியை ரிபாவிரினோடு சேர்த்து ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை போட வேண்டும். காய்ச்சலும் மனச்சோர்வும் தாங்காமல் பாதியில் விட்டவர்கள் உண்டு, முடித்தவர்களிலும் பலருக்குக் குணமாகவில்லை. 2013 டிசம்பரில் அமெரிக்காவில் சோஃபோஸ்புவிர் என்ற புதிய மாத்திரைக்கு அனுமதி கிடைத்தபோது 12 வாரத்துக்கான விலை 84,000 டாலர். அடுத்த ஆண்டே இந்திய நிறுவனங்கள் சிலவற்றுக்கு அதைத் தயாரிக்கும் உரிமம் தரப்பட்டதால்தான் அது நம்மைப் போன்ற குடும்பங்களுக்கு எட்டியது. 2018 ஜூலை 28-இல் தொடங்கிய, கல்லீரல் அழற்சிக்கான தேசியத் திட்டத்தின் கீழ் அரசு சிகிச்சை மையங்களில் சோதனையும் மருந்தும் இலவசமாகவே கிடைக்கின்றன.

ஆத்தாவுக்குக் கொடுத்தது சோஃபோஸ்புவிரும் வெல்பட்டாஸ்விரும் சேர்ந்த மாத்திரை, நாளுக்கு ஒன்று, 12 வாரம். இந்தியாவில் மிகுதியாகக் காணப்படும், இந்தக் கிருமியின் மூன்றாம் மரபணு வகையை வைத்துச் செய்த ஆஸ்ட்ரல்-3 ஆய்வில் இந்த மருந்தால் நூற்றுக்கு 95 பேர் குணமானார்கள். சிரோசிஸ் உள்ளவர்களில் அது 91. இடையில் ஒரு செய்தி: ஆத்தா நெடுநாளாக வெறும் வயிற்றில் ஒமெப்ரசோல் என்ற அமிலம் குறைக்கும் மாத்திரை போடும் பழக்கம் உடையவர்கள். வயிற்று அமிலம் குறைந்தால் வெல்பட்டாஸ்விர் சரியாக உறிஞ்சப்படாது என்று மருத்துவர் அதை நிறுத்தச் சொன்னார். மருந்துச்சீட்டில் இல்லாமல் கடையில் வாங்கிப் போடும் மாத்திரைகளையும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

மருந்து முடிந்து 12 வாரம் கழித்து எடுத்த சோதனையில் கிருமி இல்லை. பிள்ளையார்பட்டியில் அருகம்புல் மாலை சாத்திவிட்டு வந்தோம்; வீட்டில் எல்லோரும் இத்தோடு முடிந்தது என்றார்கள். மருத்துவர் மட்டும் முடிந்தது என்று சொல்லவில்லை. கிருமி போனாலும் சிரோசிஸின் தழும்பு இருக்கும்வரை கல்லீரல் புற்றுநோய் வரும் வாய்ப்பு குறையுமே தவிர மறையாது என்றும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை வயிற்று ஸ்கேனும் கல்லீரல் புற்றுநோய்க்கான அறிகுறியைத் தேடும் ஏ.எஃப்.பி. இரத்தச் சோதனையும் எடுத்தே தீர வேண்டும் என்றும் கண்டிப்பாகச் சொன்னார். சில வருடம் கழித்து, உடம்பில் எந்தத் தொந்தரவும் இல்லாத நிலையில், அப்படியொரு ஸ்கேனில் இரண்டு சென்டிமீட்டருக்கும் குறைவான கட்டி ஒன்று தெரிந்தது. வயிற்றைத் திறக்காமல், ஊசி வழியாக வெப்பம் செலுத்தி அதைக் கருக்கிவிட்டார்கள். ஆத்தா மறுநாள் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். வலிக்கும்வரை காத்திருந்தால் இந்த வழி எங்களுக்குத் திறந்திருக்காது.

தேவகோட்டையிலிருந்து:

மேலே எழுதியவரின் அனுபவத்தோடு இதையும் சேர்க்க விரும்புகிறேன். எங்கள் அப்பச்சி டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள். டயாலிசிஸ் செய்யும் இடத்தில் தொற்று வந்ததாகத்தான் மருத்துவர்கள் கருதுகிறார்கள். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு சோஃபோஸ்புவிர் கொடுக்க முன்பு தயங்கினார்கள். பின்னர் வந்த ஆய்வுகள் டயாலிசிஸ் நோயாளிகளுக்கும் அது பாதுகாப்பானது என்று காட்டியதால் அப்பச்சிக்கும் கொடுத்தார்கள், குணமும் ஆனது. ஆனால் ஒருமுறை குணமானவருக்கு மறுபடி தொற்றாது என்ற உறுதி இல்லை. இதற்குத் தடுப்பூசியும் இல்லை. ஆன்டி எச்.சி.வி. சோதனையோ குணமான பிறகும் பெரும்பாலும் ரியாக்டிவ் என்றே வரும். இதை அறியாத ஒரு மருத்துவமனையில் குடலிறக்க அறுவையைத் தள்ளிப்போட்டு, அப்பச்சியின் கட்டிலில் சிவப்பு அட்டையும் தொங்கவிட்டார்கள். ஆர்.என்.ஏ. அறிக்கையின் நகலைக் காட்டிய பிறகே அட்டையை எடுத்தார்கள். அந்த நகலை இப்போது கோப்பின் முதல் தாளாக வைத்திருக்கிறோம்.

பள்ளத்தூரிலிருந்து:

கீழாநெல்லியைப் பற்றி யாரும் எழுதாததால் எழுதுகிறேன். என் அண்ணன் சோதனையில் கிருமி இருப்பது தெரிந்த பிறகும், மோரில் கீழாநெல்லி அரைத்துக் குடித்தால் போதும் என்று பெரியவர்கள் சொன்னதைக் கேட்டுச் சிகிச்சையைத் தள்ளிக்கொண்டே போனார். கீழாநெல்லியை நான் இழிவாகப் பேசவில்லை. சென்னை ஆய்வாளர்கள் 1988-இல் லான்செட் இதழில் அதைப் பற்றி எழுதியபோது உலகமே கவனித்தது. ஆனால் அந்த ஆய்வு ஹெபடைடிஸ் பி பற்றியது, பிற இடங்களில் பிறகு செய்த ஆய்வுகளில் அதே பலன் கிடைக்கவில்லை. சி என்பது முற்றிலும் வேறு கிருமி.

அண்ணனுக்கு வயிற்றில் நீர் கோத்துக்கொண்டு, வேட்டியை இடுப்பில் நிறுத்த முடியாத நிலையில்தான் மருத்துவரிடம் போனோம். மருந்து தொடங்கும் முன் ஹெபடைடிஸ் பி இருக்கிறதா என்று சோதித்தார்கள். இரண்டும் இருப்பவருக்கு சி அடங்கும்போது பி தலைதூக்கலாமாம். இந்த அளவு முற்றியவர்களுக்கு ரிபாவிரினையும் சேர்த்துக் கொடுக்கிறார்கள், அதிலும் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் கிருமி நீங்கியதாக ஆய்வு இருக்கிறது. அண்ணனுக்கும் நீங்கிவிட்டது. நீர் மட்டும் முழுமையாக வற்றவில்லை. உப்பைக் குறைத்து, நீர் பிரியும் மாத்திரையோடு, மாற்றுக் கல்லீரலுக்காகச் சென்னையில் பெயரைப் பதிந்துவிட்டுக் காத்திருக்கிறார். ஸ்கேனுக்கான அடுத்த தேதி ஆவணியில் வருகிறது. கூட நான் போகிறேன்.